பினாங்கு: கெபாயா வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதும் சாப்பிட வேண்டியதும்

நூலிழை எழுதியது:

பினாங்கு போகிற நம்மவர்களின் பட்டியல் அநேகமாக ஒன்றுதான். கொடிமலை ரயில், தண்ணீர்மலை முருகன், கடற்கரை விடுதி, சுவர் ஓவியத்தின் முன்னால் ஒரு படம். எல்லாம் நல்ல இடங்கள். ஆனால் புடவை அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்கிறவர்களுக்கு அந்த ஊரில் வேறொரு சுற்று இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்த இழை. போய்வந்தவர்களும் அங்கேயே இருப்பவர்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

என் கட்சி இது: பினாங்கில் இறங்கியதும் கெபாயா வாங்கக் கூடாது. முதலில் ஒரு வீட்டைப் பார்க்க வேண்டும். அப்புறம் சாப்பிட வேண்டும். கடைக்குக் கடைசியாகத்தான் போக வேண்டும்.

கெபாயா பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பக்கம் திறந்திருக்கும், இடுப்பைப் பிடித்துத் தைத்த முழுக்கை மேல்சட்டை அது. துணி ‘வாயில்’ (voile) ரகம், உள்ளே போடுவது தெரியும் அளவுக்கு மெல்லியது. முன் ஓரங்கள் இரண்டும் கீழே கூராக இறங்கும், கழுத்திலிருந்து அந்த முனை வரைக்கும் பூவேலை ஓடும். பொத்தானே கிடையாது. சங்கிலியால் கோத்த மூன்று புரோச்சுகள்தான் சட்டையை மூடும், அதற்குக் கெரோசாங் என்று பெயர். கீழே ஜாவாவின் வடகரையிலிருந்து, குறிப்பாகப் பெக்கலோங்கானிலிருந்து வரும் பாத்திக் சாரோங், அதாவது மெழுகு வைத்துச் சாயமேற்றிய, இடுப்பில் லுங்கி போலச் சுற்றும் துணி. காலில் கண்ணாடி மணிகள் கோத்த செருப்பு.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றிலும் இதைத் தங்கள் உடையாக்கிக்கொண்டவர்கள் நோன்யாக்கள். சீன வணிகர்கள் இந்தக் கரைக்கு வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து, தலைமுறை தலைமுறையாக வளர்ந்த பெரனாக்கன் சமூகத்துப் பெண்கள். அவர்களுடைய பாட்டிமார் உடுத்தியது பாஜு பாஞ்சாங், முழங்காலுக்குக் கீழே இறங்கும் தளர்வான அங்கி. 1920களில்தான் இளம்பெண்கள் குட்டையான, உடம்போடு ஒட்டிய கெபாயாவுக்கு மாறினார்கள். முதலில் ஐரோப்பிய லேஸை வாங்கி ஓரத்தில் வைத்துத் தைத்தார்கள். பிறகு தையல் இயந்திரத்தை வைத்தே லேஸ் போன்ற துளைவேலையைத் துணியில் நேராகப் போட ஆரம்பித்தார்கள். நாம் பாரம்பரியம் என்று கும்பிடுகிற உடை, அன்றைய இளம்பெண்களின் துணிச்சலான புது ஃபேஷன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சரி, வீடு. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் சர்ச் தெருவில் பெரனாக்கன் மாளிகை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுங் கெங் குவீ என்ற சீனச் சமூகத் தலைவர் கட்டியது. சீன மரச்செதுக்கல், இங்கிலாந்துத் தரை ஓடு, ஸ்காட்லாந்து இரும்பு வேலை எல்லாம் ஒரே கூரையின் கீழ். அங்கே நான் நிற்கச் சொல்வது நோன்யாப் பீங்கான் வைத்திருக்கும் அலமாரிகளின் முன்னால். இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை, எலுமிச்சை மஞ்சள், நீலப்பச்சை. நடுவில் ஃபீனிக்ஸ் பறவையும் பியோனி மலரும். சீனாவின் ஜிங்டெஷென் சூளைகளில் இவர்களுடைய ரசனைக்கென்றே செய்து அனுப்பியவை. இளஞ்சிவப்பின் பக்கத்தில் பச்சை வைக்கலாமா என்று நாம் தயங்குவோம் அல்லவா, அந்தத் தட்டுகளுக்குத் தயக்கமே இல்லை. அதே பறவையும் அதே மலரும்தான் கெபாயாவின் ஓரத்திலும் ஏறியிருக்கின்றன.

அப்புறம் பலகாரம். புலூட் தாய் தாய் என்று ஒன்று: தேங்காய்ப்பாலில் வெந்த ஒட்டரிசியில் சங்குப்பூச் சாற்றை அங்கங்கே விட்டு, அழுத்தி வைத்து, துண்டு போட்டது. வெள்ளையும் நீலமும் பளிங்குக்கல் மாதிரி ஓடியிருக்கும். மேலே காயா, அதாவது தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய பழுப்புப் பசை. இதையெல்லாம் கண்ணாலும் நாக்காலும் வாங்கிக்கொண்டு கடைக்குள் போனால், எந்த நிறத்தை எடுப்பது என்று விற்பனைப் பெண்ணைக் கேட்க வேண்டியிருக்காது.

சுங்குடிப்பிரியை எழுதியது:

அக்கா, படிக்கும்போதே டிக்கெட் போடத் தோன்றுகிறது. ஆனால் நான் இதற்கு நேர் எதிர்க்கட்சி. ஓர் ஊரின் உடையை முதல் நாளே போட்டுக்கொண்டு நடந்தால்தான் அது எப்படிப்பட்ட உடை என்று தெரியும். கை எங்கே பிடிக்கிறது, சாரோங்கில் எவ்வளவு அகலமாக அடி வைக்க முடிகிறது, வெயிலில் வாயில் எப்படி இருக்கிறது, எல்லாம் உடம்புக்குத் தெரிய வேண்டிய விஷயம். அலமாரிக் கண்ணாடி வழியாகப் பார்த்து அது வராது.

இன்னொன்று, எனக்கு இடுப்பு கொஞ்சம் அகலம். படங்களில் ஒல்லியான பெண்கள்தான் கெபாயா போட்டிருக்கிறார்கள். வாங்கி என்ன செய்ய? மதுரைச் சுங்குடியையே எடுத்துக்கொண்டு போகலாமா?

அஞ்சடி எழுதியது:

வணக்கம். நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். சுங்குடிப்பிரியை, பயப்படாதீர்கள். கெபாயா எல்லா உடம்புக்கும் தைக்கிற உடுப்பு, எங்கள் ஊரில் ஆச்சிமார் போடுவதைப் பார்த்தால் தெரியும். இடுப்பில் விழும் தையல்மடிப்புதான் எல்லாம். அதைத் தளர்த்தி, முன் முனைகளை இன்னும் ஓர் அங்குலம் இறக்கச் சொன்னால் அகலமான இடுப்பிலும் நேராக விழும்.

நூலிழை அக்காவிடம் ஒரு விஷயம். கெபாயாவை நோன்யாக்களோடு மட்டும் சேர்த்துச் சொன்னால் மற்றவர்களுக்கு மனத்தாங்கல் வரும். மலாய்ப் பெண்கள், ஜாவாப் பெண்கள், பாலிப் பெண்கள் எல்லாருக்கும் அவரவர் கெபாயா உண்டு. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோதுகூட புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்தும் சேர்ந்துதான் விண்ணப்பித்தன. நோன்யாவுக்கு உரியது அந்தத் துளைவேலையும் நிறங்களும் என்று சொல்லுங்கள், அது சரி.

நடப்பதைப் பற்றி: எங்கள் பழைய கடைவீடுகளின் முன்னால் அஞ்சடி இருக்கும். கூரை போட்ட நடைபாதை. வெயில் நேரத்தில் அதிலேயே நடந்தால் ஜார்ஜ் டவுனைப் பாதி சுற்றிவிடலாம். சில கடைக்காரர்கள் அதில் மோட்டார் சைக்கிளும் சாமானும் வைத்திருப்பார்கள், அப்போது ரோட்டில் இறங்கத்தான் வேண்டும். வெயிலைவிடப் புழுக்கம்தான் சிரமம். பாலியெஸ்டர் எதுவும் வேண்டாம். சுங்குடி தாராளமாகக் கட்டலாம், காற்றோட்டமாக இருக்கும். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் போனால் தலைக்கும் கைக்கும் மூடத் தேவையானதை அவர்களே கொடுப்பார்கள்.

தறிச்சத்தம் எழுதியது:

எல்லாரும் மேல்சட்டையையே பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் காசை முதலில் சாரோங்கில் போட வேண்டும். கெபாயா இருபது வருடத்தில் இற்றுப்போகும், நல்ல கைப்பாத்திக் சாரோங் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

பார்க்கும் முறை சொல்கிறேன். சாரோங்கில் இரண்டு பகுதி உண்டு. கெப்பாலா என்பது தலைப் பகுதி, வேறு நிறத்தில், அடர்த்தியான வேலையோடு இருக்கும். மீதி நீளம் முழுக்க படான், உடல் பகுதி. நம் சேலையின் முந்தானையும் உடலும் போலத்தான். கட்டும்போது நோன்யாக்கள் கெப்பாலாவை முன்னால் கொண்டுவருவார்கள். இந்தப் பிரிவே இல்லாமல் ஒரே பூ நீளத்துக்கு ஓடினால் அது மீட்டர் கணக்கில் அச்சடித்த துணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வைத்துச் சாயத்தில் முக்கியதானால் இரண்டு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், அச்சுத் துணி பின்பக்கம் வெளிறிவிடும். அடுத்து, ஒரே பூ இரண்டு இடத்தில் வரும்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாந்திங் என்ற சிறு மூக்குக் கருவியால் மெழுகை ஊற்றிக் கையால் வரைந்ததில் இரண்டு பூ ஒன்றாக இருக்கவே முடியாது. செப்பு அச்சால் மெழுகு வைத்ததில் வடிவம் திரும்பத் திரும்ப வரும், அச்சு சேரும் இடம் லேசாகத் தெரியும். அதுவும் உண்மையான பாத்திக்தான், விலை குறைவு. கிளந்தான், திரங்கானு பக்கத்திலிருந்து வரும் மலேசிய பாத்திக் வேறு ரகம். தூரிகையால் சாயம் தீட்டிய பெரிய பூக்கள், திறந்த வெளி. கெபாயாவின் நுணுக்கமான ஓரத்துக்குக் கீழே அது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

இதில் நமக்கும் உறவு இருக்கிறது. பழைய சாரோங்குகளின் கெப்பாலாவில் எதிரெதிராகப் பார்க்கும் முக்கோண வரிசை இருக்கும். சோழமண்டலக் கரையில் மெழுகும் சாயவேரும் வைத்துத் தீட்டி அந்தச் சந்தைக்கென்றே கப்பலேற்றிய துணிகளில் அதே முக்கோண வரிசை உண்டு. ஜாவாவின் பாத்திக்காரர்கள் அந்தத் துணிகளைப் பார்த்துத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். பழவேற்காட்டுக் கட்டம்போட்ட லுங்கித் துணியும் அப்படிப் போனதுதான். இன்றைக்கும் மலாய் ஆண்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கட்டிக்கொண்டு வரும் கட்டம்போட்ட சாரோங் அதன் வழிவந்தது. கணவருக்கு என்ன வாங்குவது என்று அடுத்துக் கேட்கப்போகிறவர்களுக்கு இதுவே பதில்.

புளிக்குழம்பு எழுதியது:

துணி பேசுவதில் எனக்கு ஞானம் குறைவு, ஆனால் சாப்பாட்டை இப்படிப் பலகாரத்தோடு முடித்துவிட்டதை ஏற்க முடியாது.

பினாங்கின் சாப்பாடு என்றால் முதலில் அசாம் லக்சா. தேங்காய்ப்பால் இல்லாத லக்சா. கானாங்கெளுத்தியை வேகவைத்து முள் நீக்கி உதிர்த்து, புளியும் அசாம் கெப்பிங் என்ற காய்ந்த புளிப்புப் பழத் துண்டுகளும் போட்டுக் கொதிக்கவிட்ட குழம்பு. நம் மீன்குழம்பின் ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்வேன். தடித்த அரிசி நூடுல்ஸ்மேல் அதை ஊற்றி, வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, பொடியாக அரிந்த இளஞ்சிவப்பு இஞ்சிப்பூ, கடைசியில் ஒரு கரண்டி கறுப்பு இறால் பசை. அந்த இஞ்சிப்பூவின் வாசனை வேறு எதிலும் வராது. கெக் லோக் சி புத்தர் கோயிலுக்குப் போகும்போது ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கத்தில் சாப்பிடுங்கள்.

நிறம் வேண்டுமென்றால் இதிலேயே இருக்கிறது: பழுப்புக் குழம்பு, வெள்ளை நூல், பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு. நூலிழை சொன்ன பீங்கான் தட்டு இதற்குத் தனியாக வேண்டாம்.

பினாங்கு நோன்யா சமையலும் மலாக்கா நோன்யா சமையலும் ஒன்றல்ல. பினாங்கு தாய்லாந்துப் பக்கம் சாய்ந்தது. புளிப்பு, காரம், பச்சிலை வாசனை. மலாக்கா இந்தோனேசியப் பக்கம். தேங்காய்ப்பால், இனிப்பு, மசாலாக் கனம். இரண்டையும் ஒரே பெயரில் அடைக்கிற உணவகப் பட்டியல்களை நம்பாதீர்கள்.

நாசி கண்டார் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை! தமிழ் முஸ்லிம்கள் காவடிக்கம்பின் இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதில் தொடங்கிய சாப்பாடு. கேம்பல் தெருவில் ஹமீதியா 1907 முதல் இருக்கிறது. பல குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சோறு மூழ்க ஊற்றச் சொல்லிக் கேளுங்கள். அங்கே போகும்போது மட்டும் வெள்ளை வாயில் போட வேண்டாம்.

துளசிமாடம் எழுதியது:

சைவக்காரர்களுக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? பலகாரங்களையாவது நம்பிச் சாப்பிடலாமா?

அஞ்சடி எழுதியது:

லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சீனர் நடத்தும் சைவக் கடைகளும் ஊர் முழுக்க உண்டு. கவனிக்க வேண்டியது பெலாச்சான், இறாலைப் புளிக்கவைத்துக் காயவைத்த கட்டி. வெறும் கீரைப் பொரியல் என்று நினைத்து வாங்குவதில்கூட அது இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். பலகாரங்களில் பெரும்பாலானவை அரிசிமாவு, தேங்காய், பாண்டான் இலை, பனைவெல்லம்தான். காயாவில் முட்டை உண்டு.

சைவக்காரர்களுக்கு நல்ல காலம் சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாத முதல் ஒன்பது நாள், பெரும்பாலும் அக்டோபரில் வரும். ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழா. சீனர்கள் நிறையப் பேர் வெள்ளை உடுத்தி விரதம் இருப்பார்கள், தெருவெல்லாம் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகளாக இருக்கும். கறி போலவே செய்த சைவத்தையும் பார்க்கலாம். ஊரே வெள்ளையும் மஞ்சளுமாக மாறுவதை உடை ரசிகர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

சீனப் புத்தாண்டின்போது மட்டும் யோசித்து வாருங்கள். அழகாக இருக்கும், ஆனால் பல சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும்.

தெற்குவாசல் எழுதியது:

ஒரு கேள்வி நேராகவே கேட்கிறேன். மணிக்கணக்கில் வாடகைக்குக் கெபாயா போட்டு, நீல மாளிகை என்கிற பழைய சீன வீட்டின் வாசலில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இன்னொருவருடைய உடையை வேஷமாக்குவது சரியா? எனக்கு உறுத்துகிறது. நம் ஊருக்கு வருகிறவர்கள் நெற்றியில் சந்தனம் பூசிப் பட்டுப்புடவையைத் தப்பும் தவறுமாகச் சுற்றிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்?

அஞ்சடி எழுதியது:

அண்ணே, நம் புடவையைக் கட்டிக்கொண்டு வருகிற வெளிநாட்டுப் பெண்ணைப் பார்த்தால் நம் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? கிட்டப் போய்க் கொசுவத்தைச் சரிசெய்து, பின் குத்திவிடுவார்கள். இங்கே நோன்யா ஆச்சிகளும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த ஆச்சிகள் யாரும் கோபப்பட்டதில்லை. கெரோசாங்கைத் தலைகீழாகக் குத்தியிருந்தால் நிறுத்தி மாற்றிவிடுவார்கள்.

நூலிழை எழுதியது:

தெற்குவாசல் கேட்டது நல்ல கேள்வி. என் கவலை உடுத்துவதில் இல்லை, உடுத்துகிற பொருளில் இருக்கிறது. வாடகைக்குக் கிடைப்பதில் நிறைய பாலியெஸ்டரில் கணினி எம்பிராய்டரி போட்டது. அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, கெபாயா என்றால் இவ்வளவுதான் என்று ஒருவர் முடிவுகட்டினால் அதுதான் இழப்பு.

வேலையை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். நல்ல துளைவேலையில் முதலில் பூவின் விளிம்பு நெருக்கமாகத் தைக்கப்படும், துணியைக் கையால் நகர்த்திக்கொண்டே இயந்திரத்தில். பிறகு உள்ளே இருக்கும் துணியைச் சிறு கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். உள்பக்கம் திருப்பினால் வெளிப்பக்கம் போலவே சுத்தமாக இருக்கும், தொங்கும் நூல் இருக்காது, முரட்டுத் தாள் ஒட்டியிருக்காது. கணினி வேலையில் பின்பக்கம் சொரசொரப்பாகக் கழுத்தில் உரசும். அது நூறு வெள்ளிக்குள்ளேயே (மலேசிய ரிங்கிட்) கிடைக்கும். கைவேலைக்குப் பல நூறு ஆகும், நல்லதானால் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு ஓரத்துக்கு ஆகும் நேரத்தை நினைத்தால் அது நியாயமான விலை என்றே நான் நினைக்கிறேன். பேரம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நிறத்திலும் ஓர் ஒழுங்கு இருந்தது. கல்யாணத்துக்கும் புத்தாண்டுக்கும் சிவப்பு, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு. துக்கம் காக்கும் காலத்தில் கறுப்பு, வெள்ளை, அப்புறம் நீலம், பச்சை என்று மெல்ல மெல்ல நிறத்துக்குத் திரும்புவார்கள். அப்போது தங்கமும் வைரமும் கழற்றி வைத்துவிட்டு வெள்ளியும் முத்தும் அணிவார்கள். ஒரு வீட்டுப் பெண் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று தெருவில் போகிறவருக்கே தெரிந்திருக்கும். இன்றைக்கு யாரும் அப்படிப் பார்ப்பதில்லை, நீலக் கெபாயாவைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் தெரிந்துகொண்டு வாங்கினால் அந்த நீலம் இன்னும் ஆழமாகிறது.

நீலம் என்றதும் லீத் தெரு நீல மாளிகையையும் சொல்ல வேண்டும். ச்சியோங் ஃபாட் ட்ஸீ என்ற சீன வணிகர் கட்டியது, 38 அறை, 5 முற்றம். சுண்ணாம்பில் அவுரி கலந்து அடித்த நிறம், அவுரி இந்தியாவிலிருந்து போனது. வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள் உடுத்திப் போனால் சுவர் உங்களோடு சண்டை போடும். வெள்ளையோ சந்தன நிறமோ போதும்.

காத்தோங் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து ஒரு சேர்க்கை. நேரம் இருந்தால் மலாக்காவையும் சேருங்கள். கெபாயா கட்டிய தமிழ் வழிப் பெண்களை அங்கேதான் பார்க்கலாம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து உள்ளூரில் மணமுடித்த தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள். பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. பெண்களுக்குக் கெபாயாவும் சாரோங்கும். காஜா பெராங்கில் அவர்களுடைய குடியிருப்பும் சிறிய அருங்காட்சியகமும் இருக்கின்றன. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் ஊர் நடுவே இருக்கிறது. போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுவார்கள், அதில் சம்பாலும் மலாய்க் குழம்பும் இருக்கும். ஜனவரியில் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள், அது வீட்டுச் சடங்கு.

மணிச்செருப்பு வாங்குகிறவர்கள் மணியின் அளவைப் பாருங்கள். மணி பொடியாக ஆக ஆகப் படம் துல்லியமாகும், விலையும் ஏறும். முகப்பில் விரலை ஓட்டினால் மணிகள் அசையக் கூடாது. மழையில் போட வேண்டாம்.

சுங்குடிப்பிரியை எழுதியது:

பினாங்கிலிருந்து மலாக்கா 500 கிலோமீட்டர் பக்கம் வருகிறதே. நான் இந்த முறை பினாங்கோடு நிறுத்திக்கொள்கிறேன். கோலாலம்பூரில் இறங்கி ரயிலில் பட்டர்வர்த், அங்கிருந்து ஃபெரி என்று முடிவு செய்திருக்கிறேன். அஞ்சடி, ஒரே கேள்வி: நூலிழை அக்கா சொல்வதுபோலக் கடைசி நாள் வாங்கினால், இடுப்பைத் தளர்த்தித் தர நேரம் இருக்குமா?

அஞ்சடி எழுதியது:

இருக்காது. அளவெடுத்துப் புதிதாகத் தைக்க வாரக்கணக்கில் ஆகும், அதை விட்டுவிடுங்கள். தயாராக இருப்பதை வாங்கி இடுப்பையும் கையையும் திருத்தவே ஒன்றிரண்டு நாள் கேட்பார்கள். ஞாயிறு வந்துவிட்டால் இன்னும் தள்ளும்.

நூலிழை எழுதியது:

அப்படியானால் இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் காலை சர்ச் தெரு மாளிகை, மதியம் நோன்யாச் சாப்பாடு, சாயங்காலம் கடை. திருத்தக் கொடுத்துவிட்டு, நீல மாளிகைக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் சுங்குடியில் போய் வாருங்கள். வாங்கிக்கொண்ட பிறகு கெபாயாவில் அஞ்சடியில் நடந்து பார்க்க ஒரு முழு நாள் மீதி இருக்க வேண்டும், அந்த விஷயத்தில் உங்கள் கட்சிக்கே வந்துவிடுகிறேன். உள்ளே போட வெள்ளைப் பருத்திச் சிம்மிஸ் ஒன்று ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், அதைப் போட்டுக்கொண்டு கடையில் அளவு கொடுங்கள்.

தறிச்சத்தம் எழுதியது:

சாரோங்கை முதலில் எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு கெபாயாவைத் தேடுங்கள். கெப்பாலாவில் இருக்கும் நிறங்களில் ஒன்றை மேலே எடுத்தால் போதும்.

அஞ்சடி எழுதியது:

கெரோசாங் புதிதாக வாங்கினால் ஊசி மெல்லியதாக இருக்கிறதா பாருங்கள். தடித்த ஊசி வாயிலில் ஓட்டை போட்டுவிடும். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், எந்தக் கடை எந்த நாள் மூடியிருக்கும் என்று கேட்டுச் சொல்கிறேன்.